பாதிக் கூரை

வாக்குப்பெட்டி எங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது காலை பதினொன்றரை மணி. நான் மகளின் அறையில் ஐந்தாவது பாத்திரத்தைக் காலி செய்துகொண்டிருந்தேன். மொத்தம் ஏழு பாத்திரங்கள். இரண்டு வாளி, பழம் பதனிடும் எனாமல் அண்டா, மகள் அன்கே கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய தொட்டி, ஒரு சூப் சட்டி, என் முன்னாள் கணவனின் மீன்பிடி வாளி, பிறகு அவன் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பீங்கான் கிண்ணம். அவன் சோவியத் நாட்டில் எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். கிண்ணம் மட்டும் இங்கே உழைத்துக்கொண்டிருந்தது. கீழே தெருவில், வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலில் பித்தளை வாத்தியக்காரர்கள் மழையில் நனைந்தபடி வாசித்தார்கள். கொடிகள் எல்லாம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஜூன் மாதத்து ஞாயிறு, தேர்தல் நாள்.

கதவைத் தட்டியவர் தரைத்தளத்து க்ரூனர் அம்மாள். எங்கள் வீட்டில் யார் வருகிறார்கள், யார் தங்குகிறார்கள், யாருக்கு நாட்டிலிருந்து பிரிந்துபோன மேற்குப் பாதியிலிருந்து பார்சல் வருகிறது என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதிவைப்பது அவருடைய பொறுப்பு. கட்சிக்காரர். கோட்டில் சின்னம் குத்தியிருந்தார். மார்போடு அணைத்திருந்த பெட்டியின் மேல் ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தார்.

"என்ன ஹைட்ருன், இன்னும் கீழ வரக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பெட்டிய நாங்களே தூக்கிட்டு வந்துட்டோம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல க்ரூனரம்மா. கூரைக்குத்தான் உடம்பு சரியில்ல."

"அத அப்புறம் பேசிக்கலாம். இந்தா சீட்டு. மடிச்சுப் போட்டுரு, நாங்க போறோம்."

எங்கள் நாட்டில் வாக்களிப்பதை 'மடிக்கப் போவது' என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதில் வேறு வேலையும் கிடையாது. சீட்டில் ஒரே பட்டியல் இருக்கும். அதை வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை உரிக்கலாம். மூலையில் தட்டி கட்டி ஒரு மறைவிடம் வைத்திருப்பார்கள். அதற்குள் போகிறவன் பெயருக்கு நேரே யாரோ புள்ளி வைப்பார்கள் என்று பேச்சு. மதியத்துக்குள் எல்லோரும் மடித்துவிட்டால் அந்த வட்டாரத்துக்குப் பெருமை. மடிக்காதவர் வீட்டுக்குப் பெட்டியே நடந்து வரும். அந்த நாடு இப்போது இல்லை. ஆனால் பெட்டி வரும் என்பதை நம்பித்தான் அன்று காலை முழுவதும் நான் கீழே இறங்காமல் இருந்தேன்.

"நாங்கன்னு சொல்றீங்களே, இன்னொருத்தர் யாரு?" என்று கேட்டேன்.

மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர் நின்று கைப்பிடி மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைச் சோதிக்கத்தான் வந்தவர்போல. ஐம்பது வயதிருக்கும். குள்ளம், சாம்பல் நிறச் சூட்டு, நனைந்த கழுத்துப்பட்டை. க்ரூனர் அம்மாள் தயங்கிவிட்டுச் சொன்னார். "தோழர் லோபெக். நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு. இன்னைக்குத் தேர்தல் வேலையா வந்திருக்காரு."

லோபெக்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடங்களாக இவருடைய கையெழுத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நீளமான எல், அதற்கப்புறம் ஒரு புழு. இந்த ஊரில் என்னை இந்த மனிதரைவிட அதிகமாகப் படித்தவர் யாரும் கிடையாது. முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.

மனு எழுதுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். அடுப்புக்குக் கதவு இல்லையா, குழந்தைக்குச் செருப்பு அளவு கிடைக்கவில்லையா, அரசவைத் தலைவருக்கு எழுது. நாட்டின் உச்சி நாற்காலி அது. கடிதம் எதுவானாலும் நான்கு வாரத்துக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று சட்டம். நான் பதினோரு முறை எழுதியிருந்தேன், ஒவ்வொன்றும் கார்பன் நகலோடு. தலைநகரிலிருந்து கனமான தாளில் ஒரு பதில் முதலில் வரும், தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. உரிய அலுவலகம் என்றால் நான் யாரைப்பற்றிப் புகார் எழுதினேனோ அதே அலுவலகம். சில நாள் கழித்து நீளமான எல்லும் புழுவும் வரும். ஓடு இல்லை, ஆள் இல்லை, அடுத்த காலாண்டில் பரிசீலிக்கப்படும்.

"வாங்க லோபெக் சார், உள்ள வாங்க. இத்தன கடிதம் எழுதிக்கிட்டோம், ஒரு காப்பிகூடக் குடிச்சதில்ல" என்றேன்.

அவரை நேராக அன்கேயின் அறைக்குக் கூட்டிப்போனேன். கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தேன். படுக்கையைச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தேன். சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. உட்கார இடம் ஒரே நாற்காலிதான், அது அண்டாவுக்கும் மீன்பிடி வாளிக்கும் நடுவில் இருந்தது. அவர் உட்கார்ந்தார். ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. துடைத்துவிட்டு நாற்காலியை நகர்த்தினார். அங்கே வேறொரு சொட்டு காத்திருந்தது. க்ரூனர் அம்மாள் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது என் பொண்ணு படுக்கிற ரூம். ஒம்பது வயசு. மூச்சுக்குழாய்ல சளி கட்டி, போன குளிர்காலம் பூரா இழுத்துக்கிட்டே கெடந்தா. மூணு மாசமா பால்டிக் கடல் ஓரத்துல ஆரோக்கிய இல்லத்துல இருக்கா. வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. ரூம் காஞ்சிருக்கணும், இல்லேன்னா திரும்பவும் கூட்டிட்டு வந்துருங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரு. திரும்பப் போனா ஒரு வருஷம். ஒரு வருஷம் என் பொண்ண நான் பாக்க முடியாது. இதெல்லாம் பதினோராவது மனுவுல இருந்துச்சே, படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றார் லோபெக்.

"பதில் என்ன எழுதுனீங்க?"

நானே சொன்னேன், எனக்கு மனப்பாடம். 'மேற்படி கட்டடத்தின் கூரை மே மாதத்தில் செப்பனிடப்பட்டது. மனு முடிக்கப்படுகிறது.'

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மே மாதம் கூரை வேலைக்காரர்கள் உண்மையாகவே வந்தார்கள். ஒரு லாரி நிறையப் புது ஓடு, சிவப்புச் சிவப்பாக, நாக்கு வடிவத்தில். நான் பைத்தியக்காரி, அவர்களுக்குத் துருவல் கேக்கெல்லாம் சுட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் தெருவைப் பார்த்த சரிவு முழுவதையும் போட்டார்கள். மூன்றாம் நாள் ஏணியைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். பின்பக்கம் என்று கேட்டதற்கு, பட்டியலில் பின்பக்கம் இல்லை என்றார்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஊருக்கு மேலே மேட்டு நிலத்தில் கட்டிய புது ஆலையைத் திறந்து வைக்க அரசவைத் தலைவர் வருகிறார், கார் வரிசை எங்கள் தெரு வழியாகப் போகும். காரில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எது தெரியுமோ அது மட்டும் புதுசாக வேண்டும். தெரு முழுக்க வீடுகளின் முகத்துக்கு வர்ணம் அடித்தார்கள். மூன்றாவது மாடி தெரியாது என்று சில வீடுகளில் இரண்டோடு நிறுத்தினார்கள். எங்கள் வீடு தெருமுனையில் இருப்பதால் கூரையும் கண்ணில் படும். அதனால் என் படுக்கையறை காய்ந்து கிடந்தது. அன்கேயின் அறை கொல்லையைப் பார்த்தது. அங்கே போரின் முடிவில், நாற்பத்தைந்தில் விழுந்த குண்டின் அதிர்வில் நகர்ந்த ஓடுகள் அப்படியே இருந்தன, பாதி இருந்தன.

ஏன் மகளை உன் அறையில் படுக்க வைத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நகராட்சியும் கேட்டது, ஏழாவது பதிலில். சுவர் ஒன்றுதான், பூஞ்சைக்குக் கதவு கிடையாது. மூன்று நாளில் அதே இழுப்பு. தவிர, என் மகளுடைய அறை என் மகளுக்கு வேண்டும்.

"கேட்டுக்கோங்க லோபெக் சார். இந்த ரூமுக்கு மேல கூரை அடைஞ்சா நான் மடிக்கிறேன். அடையலேன்னா மடிக்க மாட்டேன். ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமம்மா! ஓடு எங்கருந்து வரும்? நாலாம் காலாண்டு வரைக்கும் ஒத்த ஓடு கெடையாது, சத்தியமா சொல்றேன்."

"முன்பக்கத்துக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

"அது வேற ஒதுக்கீடு."

க்ரூனர் அம்மாள் குறுக்கே வந்தார். "ஹைட்ருன், நீ ஒருத்திதான் பாக்கி. நம்ம வட்டாரத்துல நீ மட்டும்தான்! உன் ஆலையில உன் பிரிகேடுக்கு இந்த வருஷப் பட்டம் வேண்டாமா? உன்னால பதினாலு பொம்பளைங்களுக்குப் போகணுமா?"

அந்த அடி சரியாக விழுந்தது. செருப்பு ஆலையில் மேல்தோல் தைக்கும் பிரிகேடில், அதாவது வேலைக்குழுவில், என்னோடு இருந்த பதினான்கு பேரும் வெள்ளிக்கிழமையே என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். பட்டம் போனால் போனஸும் போகும். கோபம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. ஆனால் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியாவது என் வீட்டுக்கு வந்து ஒரு வாளியைக் காலி செய்திருக்கிறாளா?

"ஓடு இல்லேன்னா பரவால்ல. இருக்கற ஓட்டை எடுத்து நானே மாத்திக்கறேன். முன்னாடி இருக்கறத பின்னாடி போட்டுக்கறேன்" என்றேன்.

இது வாயில் தானாக வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது, இது நடக்கக்கூடிய காரியம் என்று. லோபெக்குக்கும் அதே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வியாழக்கிழமை வண்டிங்க போற வழிம்மா அது! கை வச்சீங்கன்னா நான் சம்பவம்னு எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்களேன். எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

ஆறு மணிக்கு எல்லா வட்டாரத்திலிருந்தும் மேலே போகிற தாளில் 'சம்பவம்: இல்லை' என்றுதான் இருக்க வேண்டும். சம்பவம் ஒன்று நடந்துவிட்டால் அது என் தலைக்கு வருவதற்கு முன்னால் அதைத் தடுக்காதவர் தலைக்கு வரும். போலீஸைக் கூப்பிட்டால் கூப்பிட்டதே சம்பவம். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், பெட்டியை அணைத்துக்கொண்டிருந்த க்ரூனர் அம்மாளுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

அவர்கள் கீழே போனதும் சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தேன். பயமில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு ஆலையில் போடும் நீலக் கவுனை மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டி, பரணுக்கு ஏறினேன்.

எங்கள் ஊர்க் கூரையில் ஓடுகளுக்கு ஆணி கிடையாது. ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் ஒரு மூக்கு இருக்கும். அந்த மூக்கைக் குறுக்குச் சட்டத்தில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பரணுக்குள் நின்று கையால் தள்ளித் தூக்கினால் கழன்று வரும். முதல் ஓடு கழன்றதும் பரணுக்குள் ஒரு கைக்குட்டை அளவு வெளிச்சம் விழுந்தது. மழையும் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்து அடுக்கினேன். பத்து எடுத்ததும் என் தலை வெளியே போகிற அளவுக்கு இடம் வந்தது. நீட்டிப் பார்த்தேன்.

கீழே குடை பிடித்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியம் நின்றிருந்தது. புத்தம்புதுக் கூரையிலிருந்து ஓடுகள் ஒவ்வொன்றாக உள்ளே மறைந்து, கடைசியில் தலைத்துணி கட்டிய பொம்பளைத் தலை ஒன்று முளைத்தால் யார்தான் வாசிப்பார்கள்? யாரோ ஒருவன் கை ஆட்டினான். நானும் ஆட்டினேன். பள்ளிக்கூட வாசலிலிருந்து சாம்பல் சூட்டு ஒன்று தெருவைக் குறுக்கே கடந்து ஓடி வந்து, பாதி வழியில் நின்று, திரும்பிப் போனது. யாரும் என்னை இறங்கச் சொல்லிக் கத்தவில்லை. கத்துவதும் சம்பவம்தான்.

இரண்டு மணி நேரத்தில் எண்பது ஓடு சுமந்தேன். ஐந்து ஐந்தாக, வயிற்றோடு அணைத்து, குனிந்து குனிந்து, பரணின் அந்தப் பக்கத்துக்கு. அங்கே உடைந்த ஓடுகளைத் தள்ளிக் கொல்லையில் விழவிட்டேன். பிறகு புதியவற்றை மாட்டத் தொடங்கினேன். முகட்டில் கைக்கு எட்டிய இடத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வரிசை வரிசையாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. ஓட்டுக்கு மேலே ஓடுகிறதற்குப் பதிலாக ஒவ்வொரு வரிசையின் அடியிலும் புகுந்து, முன்பைவிட அதிகமாக, நேராக என் முழங்காலில் கொட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோல் தைக்கிறவளுக்குக் கூரையைப்பற்றி என்ன தெரியும்? அங்கேயே தூசியில் உட்கார்ந்து அழுதேன்.

"ஐயையோ! என்னம்மா இது, அநியாயமா!"

பரண் வாசலில் லோபெக்கின் தலை. முகம் வெளிறியிருந்தது. எனக்கு வெறி வந்துவிட்டது.

"சம்பவம் எழுத வந்தீங்களா? எழுதுங்க, எழுதிட்டுப் போங்க!"

"அட, அது கெடக்கட்டும். தலைகீழாப் போட்டிருக்கீங்களே! மேல இருந்து கீழயா போடுவாங்க? கீழ இருந்து மேலம்மா! கீழ் வரிச மேல மேல் வரிச படுக்கணும். இப்பிடிப் போட்டா கூரை தண்ணியக் குடிக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பதினேழு வருஷம் கூரை மேல இருந்தவன். முட்டி போச்சுன்னு மேசைக்குப் போட்டாங்க."

சொல்லிக்கொண்டே அவர் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகினார். நான் மாட்டிய ஓடுகளை எல்லாம் மளமளவென்று கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு தாழ்வாரத்து ஓரத்திலிருந்து தொடங்கினார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. ஓட்டை வாங்கும்போதே விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் கேட்பார். கீறல் இருந்தால் ஒதுக்குவார். நல்லதாக இருந்தால் பார்க்காமலேயே மாட்டுவார். அந்த நேரத்தில் அவர் நகராட்சியை மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். என்னையும் மறந்திருப்பார். நான் முன்பக்கத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏறக்குறைய நூற்றிருபதாவது ஓட்டில் கேட்டேன். "மனு முடிக்கப்படுதுன்னு எப்பிடி சார் கை கூசாம எழுதுனீங்க?"

அவர் திரும்பவில்லை. "நீங்க தலைவருக்கு எழுதறீங்க. அங்கருந்து மாவட்டத்துக்கு வருது. மாவட்டத்துலருந்து என் மேசைக்கு வருது. என்னப் பத்தின புகாருக்கு நானேதான் பதில் எழுதணும். பதினோரு தடவ எழுதியாச்சு. ஒவ்வொரு தடவையும் என்னை நானே மன்னிச்சுக்கிட்டேன்." கையைப் பின்னால் நீட்டி, "ஓடு குடுங்க" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடக் கோபத்தை யார்மேல் வைப்பது பிறகு?

ஐந்தரை மணிக்கு க்ரூனர் அம்மாள் மூச்சு வாங்கப் பரணேறி வந்தார். பெட்டியைக் காணோம். கையில் பெயர்ப் பட்டியலும் ஒரு வாக்குச்சீட்டும் பென்சிலும் மட்டும். தோழர் லோபெக் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சட்டத்தின்மேல் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தார். தெருப்பக்கம் இருந்த பெரிய இடைவெளியையும் அதன் வழியாகத் தெரிந்த பள்ளிக்கூடக் கடிகாரத்தையும் பார்த்தார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு தேர்தல் நாளைப் பார்த்ததில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"பெட்டி கீழ இருக்கு" என்றார் மெதுவாக. "எல்லா வட்டாரமும் அனுப்பியாச்சு. நாமதான் பாக்கி. கூரை அடைஞ்சா மடிக்கிறேன்னு சொன்ன. அடைஞ்சாச்சா?"

"கடைசி ஓடு" என்றார் லோபெக்.

கடைசி ஓடு மாட்டிய இடத்தில் சட்டம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. காற்று அடித்தபோதெல்லாம் அந்த ஓடு மட்டும் டக்டக்கென்று ஆடியது. லோபெக் சுற்றும் முற்றும் தேடினார். "ஆப்பு மாதிரி ஏதாவது இருந்தா குடுங்க. மரச்சில்லு, அட்டை, எதுனா."

நான் க்ரூனர் அம்மாளின் கையிலிருந்து சீட்டை வாங்கினேன். இரண்டாக மடித்தேன். நான்காக, எட்டாக மடித்தேன். நல்ல தாள், கனமானது, அரசவையிலிருந்து எனக்கு வரும் கடிதங்களைப்போலவே. மடிக்க மடிக்கக் கெட்டியானது. அதை ஓட்டின் மூக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் செருகினேன். ஓடு அசையவில்லை.

"மடிச்சாச்சு" என்றேன்.

மழை புது ஓட்டின்மேல் ஓடிக் கொல்லையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வருடங்களாக அந்த மழை என் மகளின் அறைக்குள்தான் விழுந்திருக்கிறது. லோபெக் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றிப் போட்டார். க்ரூனர் அம்மாள் அந்த ஓட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டியலைச் சுவரில் வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

"மடிச்சதப் பாத்தேன். மடிச்சாச்சுன்னு எழுதறேன்" என்றார். "பெட்டிக்குள்ள எத்தனன்னு எண்ணறது என் வேல இல்ல." படியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பெரிய ராங்கிக்காரிடி" என்றார். திட்டுவதுபோலத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை ஆலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தையல் இயந்திரத்தின்மேல் யாரோ ஒரு துண்டு கேக்கைத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். புதன்கிழமை மாவட்டத்திலிருந்து மூன்று பேர் காரில் வந்து தெருவில் நின்று எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். வாசல் கதவு அளவுக்கு இரண்டு மடங்கு இடைவெளி, உள்ளே சட்டங்கள் விலா எலும்பாகத் தெரிந்தன. ஓட்டுக்காக எங்கெங்கோ தொலைபேசியில் பேசினார்களாம். உண்மையாகவே ஓடு இல்லை. லோபெக் செய்த சத்தியம் மெய்தான். சாயங்காலம் ஒரு பெரிய சிவப்புத் துணியைக் கொண்டுவந்து, வெள்ளை எழுத்து தெருப்பக்கம் தெரியும்படி, இடைவெளியின்மேல் கட்டினார்கள். அமைதியையும் முன்னேற்றத்தையும்பற்றி ஏதோ எழுதியிருந்தது. பரணுக்குள்ளிருந்து பார்த்தால் எழுத்துக்கள் எல்லாம் திரும்பித் தெரிந்தன.

வியாழக்கிழமை வேலையைவிட்டு எல்லோரையும் காகிதக் கொடியோடு தெருவில் நிறுத்தினார்கள். நான் பரணில் இருந்தேன். பத்து இருபதுக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. நான் துணியின் கீழ்முனையைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினேன். கறுப்புக் கார்கள் வேகமாகப் போயின, ஒன்று, இரண்டு, ஏழு. எல்லாக் காரிலும் பின்னிருக்கை ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. எந்தத் திரையும் விலகவில்லை. இந்தத் திரைக்காகவா இவ்வளவு வர்ணமும் இவ்வளவு ஓடும்? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, பல் நறநறத்தது.

அன்று மதியமே துணியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள், வேறோர் ஊருக்கு வேண்டுமாம். லோபெக்கைக் கல்லறைத் தோட்ட நிர்வாகத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை க்ரூனர் அம்மாள் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அன்கே வந்தாள். கன்னம் உப்பிக் கடல் வெயிலில் சிவந்திருந்தாள். காலணிக்குள் மணல் இருந்தது. பூஞ்சைச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். நான்கு நாள் அடுப்பு எரித்ததில் அறை ரொட்டிக்கடைபோலச் சூடாக இருந்தது. கட்டில் சுவரோரம் அதன் இடத்துக்குப் போயிருந்தது. சாப்பிட்டு முடித்த நேரத்தில் மழை பிடித்தது. அவள் படுக்கையில் மல்லாந்து கூரையையே பார்த்தாள், பழக்கம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, பாத்திரமெல்லாம் எங்க?"

"என் ரூமுக்கு மாத்திட்டேன்."

"ஏன்?"

"இப்ப அங்கதான் மழை பெய்யுது."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவில் இருமல் வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

என் அறைக்கு வந்து மேசையில் இரண்டு தாளுக்கு நடுவில் கார்பனை வைத்தேன். பன்னிரண்டாவது மனு. சுற்றிலும் ஏழு பாத்திரங்களும் ஏழு சுருதியில் சொட்டிக்கொண்டிருந்தன. இந்த முறை பின்பக்கத்தைப்பற்றி எழுத வேண்டியதில்லை. தெருப்பக்கம் போதும்.

'மதிப்பிற்குரிய அரசவைத் தலைவர் அவர்களுக்கு. கடந்த வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குத் தாங்கள் என் கூரையைக் கடந்து சென்றீர்கள். சிவப்புத் துணிக்கு அடியில் தெரிந்த தலை என்னுடையது. தங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இப்போது நூற்று நாற்பத்தாறு ஓடுகள் இல்லை. எடுத்தது நான்.'

ஒரு சொட்டு 'நான்' மேல் விழுந்து மை கலைந்தது. மேசையை ஒரு முழம் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினேன், கீழ்த்தாளிலும் பதியும்படி அழுத்தி.